கிம்ப் ஹேங் ஆகிறதா? எண்ட் டாஸ்க் கொடுப்பதற்கு முன்...

வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரிக்கரையில் நடுகல் ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் நடுகல் என்றாலே எல்லோருக்கும் செங்கம்தான் ஞாபகம் வரும். இந்தக் கல்லை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வீரனின் தலைக்கு மேலே மூன்று வரி வட்டெழுத்து, பாதி தேய்ந்து போயிருந்தது. போன வருஷம் ஆனி மாசம் ஒரு ராத்திரி போய், டார்ச்சை ஐந்து திசையிலிருந்து சாய்வாகப் பிடித்து ஐந்து படம் எடுத்தேன். சாய்வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், பகலில் தெரியாதது அப்போது தெரியும்.

ஆடித் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் அந்தக் கல்லுக்கு சில்வர் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது சாமி. ஆனால் எனக்கு அந்த ஐந்து படம்தான் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஐந்து படத்தையும் கிம்ப்பில் ஐந்து லேயராக அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் திரை வெளுத்து, மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தது. பத்து நிமிஷம் பொறுத்தேன். எண்ட் டாஸ்க் கொடுத்தேன். காலையிலிருந்து சேவ் பண்ணவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் செய்கிற காரியமா இது!

அந்த ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற வார்த்தைக்கு நாம் கொடுக்கும் அர்த்தமே தப்பு. ஒரு ஜன்னல் 5 விநாடி வரை தனக்கு வந்த தகவல்களை எடுத்துப் பார்க்கவில்லை என்றால் விண்டோஸ் அப்படி எழுதிவிடும். நிரல் செத்துவிட்டதா, உள்ளே மும்முரமாக வேலை செய்கிறதா என்பது விண்டோஸுக்குத் தெரியாது. நாம்தான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிம்ப்புக்கு நேரே பாருங்கள். நான்கு கோர் உள்ள கணினியில் சிபியு 25 சதவீதத்தில் நின்றால் ஒரு கோர் முழுதாக ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், விட்டுவிடலாம். சிபியு குறைவு, டிஸ்க் மட்டும் 100 என்றால் மெமரி போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. இதுவும் சாவு இல்லை, டீ குடித்துவிட்டு வரலாம். எல்லாமே பூஜ்யத்தில் ரொம்ப நேரம் கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதுகூட ஆல்ட்-டேப் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கேள்விப் பெட்டி பின்னால் ஒளிந்துகொண்டு நம் பதிலுக்காகக் காத்திருக்கும். கலர் புரொஃபைல் கேட்கும் பெட்டி எனக்கு இரண்டு தடவை இப்படி ஒளிந்திருக்கிறது.

என் கணினியில் டிஸ்க் 100 என்றுதான் காட்டியிருக்க வேண்டும். ஏனென்று பிறகு பேப்பரில் கணக்குப் போட்டேன்.

படம் ஒன்று 6000 x 4000, அதாவது 2.4 கோடி பிக்ஸல். ஜேபெக் படம் வழக்கமாக 8 பிட்டில் திறக்கும். அப்போது ஒரு பிக்ஸலுக்கு 4 பைட், லேயருக்கு 96 எம்பி. நானோ துல்லியம் வேண்டும் என்று 32 பிட்டுக்கு மாற்றி வைத்திருந்தேன். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. பிக்ஸலுக்கு 16 பைட், லேயருக்கு 384 எம்பி. ஐந்து லேயருக்கு 1.92 ஜிபி. கணினியில் மொத்த ரேமே 4 ஜிபி.

இதுகூடப் பரவாயில்லை. கொன்றது அண்டூ. பிரஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கத்தில் ‘மினிமம் அண்டூ லெவல்ஸ்’ என்று ஒன்று இருக்கும். 5 என்று இருந்ததை, பின்னால் போக வசதியாக இருக்கட்டும் என்று 50 ஆக்கியிருந்தேன். அதன் கீழேயே அண்டூவுக்கான மெமரி வரம்பும் இருக்கிறது, ஆனால் இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை அந்த வரம்பையும் மீறிச் செல்லும். லேயர் முழுக்க பிரைட்னஸ் மாற்றினால் பழைய லேயர் முழுசாகப் பத்திரப்படும். 50 தடவை மாற்றினால் 19.2 ஜிபி. ரேமில் இடம் இல்லாதது டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகும். என் சி டிரைவில் காலி இடம் 6 ஜிபி!

போதாக்குறைக்கு ‘டைல் கேஷ்’ அளவையும் 4 ஜிபி என்று கொடுத்து வைத்திருந்தேன். இருக்கிற ரேம் முழுவதையும் கொடுத்தால் வேகம் கூடும் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு: தன் பங்கு தீரவில்லை என்று கிம்ப் நினைத்துக்கொண்டிருக்கும், விண்டோஸ் தன் பாட்டுக்கு அதே மெமரியை டிஸ்க்குக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். பாதி கொடுத்தால் போதும்.

இரண்டாம் முறை என்ன செய்தேன் என்றால், முதலில் கல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். 3000 x 2500 வந்தது, மீதி எல்லாம் புல்லும் இருட்டும்தான். அதை 16 பிட்டில் வைத்தேன்; லேயருக்கு 60 எம்பி. வெட்டியதும் அண்டூ ஹிஸ்டரியைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெட்டாத பெரிய படமும் அதற்குள் உட்கார்ந்திருக்கும். அண்டூ லெவல் மறுபடியும் 5. ஸ்வாப் கோப்புறையைக் காலி இடம் நிறைய உள்ள டி டிரைவுக்கு மாற்றினேன். டாஷ்போர்டு என்று ஒரு பெட்டி 2.10-ல் உண்டு, கேஷும் ஸ்வாப்பும் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும். அதை ஓரத்தில் திறந்தே வைத்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை, கிம்ப் திறக்கும்போதே எழுத்துருக்களை ஏற்றும் இடத்தில் நிற்பது. இந்தக் கணினி கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாமினி, டாப், டாம் என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடந்தன. நம் ஊர்க் கணினிகளில் இது சகஜம். முதல் தடவை எல்லாவற்றையும் படித்துப் பட்டியல் போட நேரம் ஆகும், நடுவில் மூடினால் மறுபடியும் முதலிலிருந்து. வேண்டாதவற்றை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு நீக்கினேன். இப்போது சீக்கிரம் திறக்கிறது.

மூன்று வாரம் ஆயிற்று, வரைந்து முடித்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு சேவ், ஒவ்வொன்றும் புது எண்ணில். மூல ஜேபெக்குகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. இரண்டாம் வரியில் நான்காவது எழுத்து பகரமா வகரமா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வட்டெழுத்தில் இரண்டும் நெருங்கின ஜாடை. வலப்பக்க வெளிச்சத்தில் ஒரு மாதிரி தெரிகிறது, மேல் வெளிச்சத்தில் வேறு மாதிரி. இரண்டு படத்தையும் அடுத்த பதிவில் போடுகிறேன், வட்டெழுத்து தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.