உறைந்த குருதியைக் காக்கும் மருந்து

விரலில் கத்தி பட்டால் குருதி கசிந்து, சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. பைப்ரின் என்னும் புரதம் நூல்போலப் பின்னி, வலையாகிக் காயத்தின் வாயை அடைக்கிறது. காயம் ஆறியபின் அவ்வடைப்பு அகலவேண்டும் அன்றோ? அதற்கென உடல் பிளாஸ்மின் என்னும் கரைப்பானையும் வைத்திருக்கிறது. பெருங்காயத்திலோ, பிரசவத்துக்குப்பின் நேரும் பெரும்போக்கிலோ கரைப்பான் முந்திக்கொள்வதுண்டு. அப்போது பின்னப் பின்ன வலை அவிழ்கிறது.

ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ அம்மையாரும் அவர் கணவர் ஷோசுகேயும் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டது டிரானெக்சாமிக் அமிலம். இது குருதியை உறையச்செய்யும் மருந்தென்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. பிளாஸ்மினாக மாறவிருக்கும் பொருளின் பிடியில் இது முன்னரே அமர்ந்துகொள்வதால், அப்பொருள் வலையைப் பற்ற இயலாது போகிறது. உண்டான அடைப்பைக் காக்கிறது, அவ்வளவே.

ஆகவே காலந்தான் பெரிது. காயமுற்ற 20,000-க்கு மேற்பட்டோரிடம், 40 நாடுகளில் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோரில் இறந்தவர் குறைவு. ஆனால் அடுத்த ஆண்டு அவ்விவரங்களை மீண்டும் நோக்கியபோது, 3 மணி நேரத்துக்குப்பின் மருந்து பெற்றவரிடையே குருதிப்போக்கால் இறந்தோர் மிகுந்திருந்தனர்! மருத்துவமனை சேரும்வரை துணிவைத்து அழுத்திப் பிடிப்பதே நம்மாலாவது.

முன்பே குருதிக்குழாயில் அடைப்பு ஏற்பட்டவர்க்கு இம்மருந்து ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அளவைக் குறைப்பர். முதுகுத்தண்டில் ஏற்றும் மரப்பு மருந்தின் குப்பி இதன் குப்பியை ஒத்திருந்ததால், மாற்றி ஏற்றி உயிரிழந்தவர்களும் உண்டு. அதனால் இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைக்குமாறு மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை செய்யப்பட்டிருக்கிறது.