கப்பிக்கு ஒரு நிழல் தொட்டி

பாசார் மாலாமில் தண்ணீர்ப் பைக்குள் நீந்தும் கப்பி மீன்களைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் குறைவு. வாலில் சிவப்பு, நீலம், மஞ்சள். விலையும் கைச்செலவுக்கு அடங்கியது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடிச் சாடியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மீன்களை விடுகிறோம். நன்றாகத் தெரியட்டும் என்று சன்னலோரம் வைக்கிறோம். பாசத்தில் நாளுக்கு நான்கு வேளை தீனி போடுகிறோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு மீன் சாய்ந்து மிதக்கும். வார இறுதிக்குள் சாடி காலி. "கப்பி சீக்கிரம் செத்துப்போகும் மீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் வாங்குகிறோம்.

இப்போது ஜாசினிலோ அலோர் காஜாவிலோ வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கைக் குனிந்து பாருங்கள். கலங்கிய நீரில் கூட்டமாகத் திரியும் சின்ன மீன்களில் கப்பிகளும் இருக்கும். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காகப் பல வெப்ப நாடுகளின் நீர்நிலைகளில் விடப்பட்ட மீன் இது. சாக்கடையில் பிழைக்கும் மீன், நம்முடைய சுத்தமான சாடியில் ஏன் சாகிறது?

சாடி மிகச் சிறியது. வெளிச்சம் மிக அதிகம். நமக்கோ பொறுமை மிகக் குறைவு. இந்த மூன்றையும் திருப்பிப் போடுங்கள். பெரிய தொட்டி, மங்கிய வெளிச்சம், நிழலில் வளரும் நீர்ச்செடிகள், சில வாரக் காத்திருப்பு. கேட்கப் பெரிய வேலை போலத் தெரியும். ஆனால், சாடியைக் காப்பாற்றுவதைவிட இந்தத் தொட்டியைக் காப்பாற்றுவது எளிது.

முதலில் மீனைக் கொன்றது எது என்று பார்ப்போம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. தனி அம்மோனியாவாக இருந்தால் செவுள் வழியே உடலுக்குள் புகுந்துவிடும். எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 பாகை செல்சியசில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே நச்சு வடிவம். பி.எச். 8 ஆகிவிட்டால் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். அதாவது, அதே அளவு கழிவு ஏறக்குறைய ஒன்பது மடங்கு கொடியதாகிறது. கண்ணுக்கு நீர் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் "தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது" என்று நாம் குழம்புகிறோம்.

இயற்கையில் இந்தக் கழிவை இரண்டு வகை பாக்டீரியாக்கள் கவனித்துக்கொள்கின்றன. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நச்சுதான். மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிதாகச் சேராதவரை மீனுக்குக் கெடுதல் இல்லை. செடிக்கு அது உரம். இந்த பாக்டீரியாக்கள் மணல், கல், பஞ்சு போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. லோங்காங்கின் சுவரெல்லாம், சேறெல்லாம் அவை இருக்கின்றன. நேற்று கழுவித் துடைத்த சாடியில் ஒன்றுகூட இல்லை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் மீன்கள் அந்த இடைவெளியில்தான் இறந்தன.

பெரிய தொட்டியின் பயன் இங்கேதான் வருகிறது. 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 243 லிட்டர். ஐந்து லிட்டர் சாடியைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு. ஒரு சிட்டிகை தீனி அதிகமாக விழுந்தால், சாடியில் நேர்வதில் ஐம்பதில் ஒரு பங்கு கேடுதான் இங்கே நேரும். பிற்பகல் வெயிலில் சாடி விறுவிறுவென்று சூடாகும். 243 லிட்டர் அவ்வளவு சுலபத்தில் அசையாது. நம் தவற்றைக் கவனித்துத் திருத்த நேரம் கிடைக்கிறது.

ஆனால், அந்த நீரின் எடை மட்டும் 243 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். புத்தக அலமாரியின் மேல் வைக்கும் பேச்சே வேண்டாம். சிமெண்டுத் தரை, சுவரோரம், சமமட்டமான இரும்பு மேசை, கண்ணாடிக்கு அடியில் மெத்து அட்டை: இவை கட்டாயம். பழைய தோட்ட வீட்டில் பலகைத் தரை என்றால் சிறிய தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் கேட்காமல் எதையும் தூக்க வேண்டாம்.

இனி வெளிச்சம். செடிக்கு வெளிச்சம் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறோம். தொட்டி வைப்பவர்களில் பலர் இடறி விழும் இடம் இது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி, கரிவளி, சத்து ஆகியவை வேண்டும். இவற்றில் எது குறைவோ அதுதான் வளர்ச்சியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். நீரில் எப்போதும் தட்டுப்பாடு கரிவளிக்குத்தான். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இந்த நிலையில் விளக்கைக் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. மிச்ச ஒளி யாருக்கு? பாசிக்கு. சன்னலோரச் சாடி பச்சைக் குழம்பாக மாறுவது இதனால்தான். அந்தப் பாசியும் இரவில் சுவாசிக்கும். நீரிலுள்ள உயிர்வளியை மீனோடு பங்கு போடும். 28 பாகையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய உயிர்வளியே 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவுதான்.

பலமான விளக்கு வைப்பவர்கள் உருளையிலிருந்து கரிவளியைச் செலுத்துகிறார்கள். அதற்குச் செலவு அதிகம். அளவு தவறினால் மீன் மூச்சுத் திணறும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மீன் விடும் கரிவளியும் காற்றிலிருந்து கரைவதுமே செடிக்குப் போதும். படிவம் 5 உயிரியலில் 'தித்திக் பம்பாசான்' என்று ஒரு பாடம் வரும். செடி ஒளிச்சேர்க்கையில் எடுக்கும் கரிவளியும் சுவாசத்தில் விடும் கரிவளியும் சரிசமமாகும் ஒளி அளவு அது. அதற்குக் கீழே போனால் செடி தன்னையே தின்று மெலியும். நிழல் செடிகளுக்கு இந்த அளவு மிகவும் தாழ்வு. ஆகவே நமக்கு வேண்டியது நிழலில் பிறந்த செடிகள்.

அத்தகைய செடிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மழைக்காட்டின் தரைக்கு மேலிருந்து வரும் ஒளியில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் வந்து சேரும். தீபகற்ப மலேசியாவின் காட்டு ஓடைகளில், அந்த அரையிருட்டில், கிரிப்டோகோரைன் என்னும் நீர்ச்செடி இனம் வளர்கிறது. அதில் ஒன்றுக்கு, இதய வடிவ இலையைக் குறிக்கும் 'கோர்டாட்டா' என்ற பெயரை வைத்தவர் வில்லியம் கிரிஃபித். 1832இல் மருத்துவராகச் சென்னையில் வந்திறங்கி, அஸ்ஸாம், பர்மா, ஆப்கானிஸ்தான் என்று செடி தேடி அலைந்து, கடைசியில் மலாக்காவில் பணியாற்றியவர். 1845 பிப்ரவரியில் 34 வயதில் மலாக்காவிலேயே இறந்தார். அவர் குறித்து வைத்தவை பிறகுதான் அச்சேறின. இன்னொரு வகைக்கு 'கிரிஃபித்தி' என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல். நம் காட்டு கிரிப்டோகோரைன்களில் பல அமில நீரில், மென்னீரில் வாழ்பவை. கப்பியோ டிரினிடாட், வெனிசுவேலா பக்கத்து மீன்; சுண்ணாம்புச் சத்துள்ள, பி.எச். 7க்கு மேற்பட்ட நீரில்தான் அது தெம்பாக இருக்கும். மிக மென்மையான நீரில் அது துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கும். மீனையும் செடியையும் ஒரே தொட்டியில் சேர்க்க வேண்டுமானால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் செடி வேண்டும். இலங்கை ஓடைகளைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வெண்ட்டி அப்படிப்பட்டது. கடினநீரையும் தாங்கும், மீன் கடைகளில் எளிதில் கிடைக்கும். கூடவே ஜாவா பெரணி, ஜாவா பாசி, ஆப்பிரிக்காவின் அனூபியாஸ். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வர வேண்டாம். அங்கே அது அருகி வருகிறது. நம் தொட்டியிலும் பிழைக்காது.

நீரில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுவதற்குச் சமையலறையே போதும். சாப்பிட்டு முடித்த கெராங் ஓடுகளை நன்றாகக் கொதிக்கவைத்து, தேய்த்துக் கழுவி, ஒரு கைப்பிடி வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள் வையுங்கள். ஓட்டில் ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கிறதா? அது கால்சியம் கார்பனேட். நீர் அமிலமாகும்போது மெல்லக் கரைந்து ஈடுகட்டும். மேலே சொன்ன கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பி.எச். ஏற ஏற அம்மோனியா கொடியதாகும். ஆகவே கப்பித் தொட்டியில் பாக்டீரியாவுக்காகக் காத்திருப்பது இன்னும் முக்கியம்.

கிரிப்டோகோரைன் வேரால் உண்ணும் செடி. அடியில் கொஞ்சம் செம்புறை மண், அதன்மேல் ஐந்தாறு செ.மீ. கழுவிய ஆற்று மணல். ஆ ஃபமோசா கோட்டையின் சுவரைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சிவந்த கல்தான் செம்புறை. சிவப்புக்குக் காரணம் இரும்பு. காற்றுப் படும் இடத்தில் அந்த இரும்பு கரையாது. மணலுக்கடியில் உயிர்வளி குறைந்த இடத்தில் வேதிமாற்றம் அடைந்து கரையும், வேர் உறிஞ்சும். கோட்டைக் கல்லில் கை வைத்துவிடாதீர்கள்! மீன் கடையில் பொட்டலமாகவே கிடைக்கிறது. செம்பனைத் தோட்டத்து மண்ணும் வேண்டாம். அதில் களைக்கொல்லியும் உரமும் இருக்கலாம்.

ஜாவா பெரணியையும் அனூபியாசையும் மணலில் புதைத்தால் தண்டு அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். வெண்ட்டியை நட்ட சில நாளில் அதன் இலைகள் கரைந்து கூழாகிவிடுவது வழக்கம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் பலர். கரைந்த இலைகளை மட்டும் அகற்றிவிட்டு வேரை விட்டுவையுங்கள். புதிய நீருக்கேற்ற இலைகளை அது மறுபடி விடும்.

சாதாரண எல்இடி விளக்கு, டைமரில் நாளுக்கு ஆறேழு மணி நேரம். காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதும். குஞ்சுகளை உறிஞ்சாது, இரவிலும் ஓடட்டும். செடிகளை நட்டு, நீர் நிரப்பி, மீன் இல்லாமலேயே தினமும் துளி தீனி போட்டு வாருங்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் உணவு. தொட்டி வைத்திருக்கும் நண்பர் தன் பழைய பஞ்சைப் பிழிந்து கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். சோதனைத் துளி மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டிய பிறகு ஆறேழு கப்பிகளை விடுங்கள். பஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. அதிலுள்ள குளோரின் அத்தனை நாள் வளர்த்த பாக்டீரியாவை ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றும்போது, எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

மாற்றும் நீருக்குக் குளோரின் நீக்கும் துளி மருந்து போடுவது நல்லது. வாளியில் பிடித்து நாள்கணக்கில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் போதும். மீன் உள்ள தொட்டியில் அது பெருகாது; மூலையில் மறந்துபோன அந்த வாளியில் பெருகும். டிங்கி பரவும் நாட்டில் கொசுப்புழு தின்னும் மீனுக்காகக் கொசு வளர்ப்பது வேடிக்கைதான். மூடி வையுங்கள், அல்லது ஒரே நாளில் பயன்படுத்திவிடுங்கள்.

கப்பி குட்டி போடும் மீன். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு தாயிடமிருந்து இருபது, முப்பது குஞ்சுகள். ஒருமுறை இணைந்த பெண் மீன் விந்தணுவைப் பல மாதங்கள் சேமித்து வைத்திருக்கும். ஆண் மீனே இல்லாவிட்டாலும் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். 243 லிட்டரும் ஒருநாள் நிரம்பிவிடும். தொல்லை வேண்டாம் என்றால் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதை நண்பருக்கோ மீன் கடைக்கோ கொடுங்கள். ஆற்றிலோ ஓடையிலோ விட வேண்டாம். வெட்டிய செடிகளையும் அப்படித்தான்: காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பகாங்கின் தாசிக் சீனியில் இன்று படர்ந்து தொல்லை தரும் கபோம்பா, மீன்தொட்டிகளுக்காக விற்கப்படும் ஒரு வெளிநாட்டுச் செடிதான்.

தொட்டி தயாரானதும், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், விளக்கு எரிவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். டிரினிடாட்டின் காட்டு ஓடைகளில் கப்பிகளை ஆராய்ந்த ஜான் எண்ட்லர், அதிகாலையிலும் அந்தி வேளையிலும் வெளிச்சம் மங்கியிருக்கும்போதுதான் ஆண் கப்பிகள் அதிகமாக ஆடிக் காட்டுகின்றன என்று 1987இல் எழுதினார். பளிச்சென்ற வெளிச்சத்தில் நிறத்தைக் காட்டினால் பெண் மீனின் கண்ணில் மட்டுமல்ல, பெரிய மீனின் கண்ணிலும் பட்டுவிடும் அல்லவா? உங்கள் தொட்டியில் பெரிய மீன் இல்லை. ஆனால் கப்பிக்கு அது தெரியாது. அந்த மங்கிய வெளிச்சத்தில், வெண்ட்டி இலைகளுக்கு நடுவே, உடலை எஸ் போல வளைத்து, வாலை முழுக்க விரித்து நடுங்கிக்கொண்டிருக்கும்.