என்ஜின் தரும் எச்சரிக்கைகள்: வண்டி வைத்திருக்கும் வியாபாரி அறிந்திருக்க வேண்டியவை

பொருள் ஏற்றி இறக்கும் வியாபாரிக்கு வண்டி என்பது கடையின் இன்னொரு பாகம். கடையை ஒரு நாள் பூட்டினால் எவ்வளவு நட்டம் என்பதை நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் வண்டி ஒரு வாரம் கராஜில் நின்றால் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம், தவறிய ஓடர்கள், நிற்காமல் வரும் லீசிங் தவணை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கெழுதுவோர் மிகக் குறைவு.

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் நான் அடிக்கடி காணும் ஒரு விடயம் உண்டு. முழு என்ஜினைத் தேடி வருபவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "திடீரென்று நின்றுவிட்டது" என்றுதான் முதலில் சொல்வார். இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டால், ஒரு மாதமாகவே ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்து வந்தது வெளியே வரும். என்ஜின் திடீரென்று நிற்பது அபூர்வம். அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேட்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

இன்று இதைக் கவனிப்பதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் இருந்த வண்டிகளையே ஓட்டி வந்தோம். ஆகவே நம்மில் பலரிடம் இருப்பது வயதான என்ஜின். அதன் பேச்சு நமக்குப் புரிய வேண்டும்.

வெப்பம்

வெப்பமானி ஊசி வழமையாக நிற்கும் இடத்தை ஒவ்வொரு சாரதியும் மனதில் வைத்திருக்க வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊசி சற்று உயர்ந்து, ஏற்றம் முடிந்ததும் இறங்கினால் பயமில்லை. சமதரையிலும் உயர்ந்தே நின்றால் கூலன்ட் குறைவு, அடைபட்ட ரேடியேற்றர், வேலை செய்யாத விசிறி, திறக்காத தேர்மோஸ்டற், பழுதான வோட்டர் பம்ப் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இவை எல்லாம் ஒரு என்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவுகள். அப்படியே ஓட்டினால் ஹெட் வளையும், ஹெட் கஸ்கட் போகும், கடைசியில் பிஸ்டன் இறுகிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சருக்கு வெந்நீர் படாது. அப்போது ஊசி கீழே விழலாம். கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் ஊசி திடீரென்று இறங்கினால் "சரியாகிவிட்டது" என்று சந்தோஷப்படாமல் உடனே நிறுத்த வேண்டும்.

சூடான என்ஜினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரை என்ஜின் மேல் ஊற்றுவதும் கூடாது. அலுமினிய ஹெட் வெடித்துவிடும்.

மலைநாட்டுக்குச் சரக்கு கொண்டு செல்வோர் அந்த மூடியின் ரப்பரையும் பார்க்க வேண்டும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்திலுள்ள தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கீழே பிரச்சினை தராத வண்டி மேலே கொதிக்கும்.

எண்ணெய்

சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் அது எண்ணெய் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பதற்கான அறிவித்தல் அல்ல. எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதற்கானது. அழுத்தம் இல்லாத என்ஜினில் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசும். அடுத்த பெற்றோல் நிலையம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

வாரம் ஒருமுறை, என்ஜின் ஆறியிருக்கும்போது, எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். டீசல் என்ஜினின் எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு. ஆனால் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கராஜுக்கு இழுத்துச் செல்வதே இலாபம்.

புகை

வெள்ளைப் புகை: காலையில் சிறிது நேரம் வந்து மறையும் மெல்லிய ஆவியைப் பற்றிக் கவலை வேண்டாம். என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. நிலத்தில் ஒழுக்கு எதுவும் இல்லாமலே தண்ணீர் குறைந்து வருவதும் இதே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நீலப் புகை: என்ஜின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங், வோல்வ் சீல், டர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை: டீசல் முழுமையாக எரியவில்லை. உடனே இன்ஜெக்டர் செலவுக்குப் போகாமல் முதலில் எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினாலும் கறுப்புப் புகை வரும்.

சத்தமும் விளக்கும்

ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் பெல்ட். என்ஜினின் மேற்பகுதியில் மெல்லிய 'டிக் டிக்' டெப்பட். அடிப்பகுதியிலிருந்து, வேகத்தைக் கூட்டக் கூட்ட அதிகரிக்கும் கனமான 'டக் டக்' பெயரிங். இந்தக் கடைசிச் சத்தத்தோடு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணுவது என்ஜினையே பணயம் வைப்பதாகும்.

டைமிங் பெல்ட் மட்டும் பெரும்பாலும் சத்தமின்றியே அறும். பல ஜப்பானிய என்ஜின்களில் அதைச் சுமார் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாவித்த வண்டி வாங்கியவர் மீட்டரை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கருதுங்கள்.

மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் காட்டலாம். பெற்றோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து உடனே காட்ட வேண்டும். ஸ்கேனரில் வரும் குறியீடு எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பதைத்தான் சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அல்ல. குறியீட்டைக் காட்டிச் சென்சர் வாங்க வருபவரிடம், வயரையும் காற்றுக் குழாயையும் பரிசோதித்தீர்களா என்று நான் கேட்பதுண்டு. பாதிப்பேர் பணத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போவார்கள். எனக்கு ஒரு விற்பனை குறைகிறது. ஆனால் அவர்கள் மீண்டும் என்னிடம்தான் வருகிறார்கள்.

சாரதியின் பயம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் என்ஜின்கள் ஏன் போகின்றன? என் அனுபவத்தில் முக்கிய காரணம், வண்டியை நிறுத்துவதற்குச் சாரதி பயப்படுவதுதான்.

தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி கொண்டுவரும் ஒரு லொறி. வழியில் ஊசி ஏறுவதைச் சாரதி கண்டார். நிறுத்தவில்லை. பிந்தி வந்தால் மரக்கறியின் விலை விழும், முதலாளி ஏசுவார் என்று ஓட்டினார். பழுதானது ஒரு ரப்பர் ஹோஸ். மாற்ற வேண்டியிருந்ததோ முழு என்ஜின். அந்த முதலாளி என்னிடம் வந்தபோது கூட வந்திருந்த சாரதி மெதுவாகச் சொன்னார்: "போன முறை நிப்பாட்டினத்துக்கு நாள் சம்பளத்தை வெட்டினீங்களே முதலாளி." முதலாளியிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

எனவே சாரதியிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ வண்டியை ஓரமாக நிறுத்தி அழைப்பெடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் வெட்டப்படாது. சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். சரக்கில் ஏற்படும் நட்டம் ஒரு நாளோடு முடியும். என்ஜினின் நட்டம் மாதக்கணக்கில் தொடரும்.

அத்துடன் வண்டியில் ஒரு சிறிய கொப்பி இருக்கட்டும். திகதி, கிலோமீற்றர், ஊற்றிய தண்ணீர், ஊற்றிய எண்ணெய், அடித்த டீசல் ஆகிய ஐந்தையும் சாரதி எழுதட்டும். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் பாருங்கள். வாரம் அரை லீற்றர் தண்ணீர் கேட்ட வண்டி ஒரு லீற்றர் கேட்கத் தொடங்கினால், அந்த வாரமே கராஜுக்கு அனுப்புங்கள். கடைக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கையும் பார்க்க முடியும்.