இருபது கேள்விகளும் ஒரு வானமும்

புதிதாக எதையும் படம் பிடிக்காமலே வானத்தை ஆராயும் வானியலாளர்கள் இன்று ஏராளம். வேறு யாரோ வேறு எதற்கோ பதிவு செய்து வைத்ததில்தான் அவர்களுடைய தேடல் நடக்கிறது. டங்கன் லாரிமர் குழுவினர் 2007-ல் அறிவித்த அதிவேக ரேடியோ வெடிப்பு, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001-லேயே சேர்த்துவைத்த தரவில் கிடந்தது. எச்.ஆர். 8799 என்ற விண்மீனின் கோள்கள் 2008-ல் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஹபிள் 1998-ல் எடுத்த படத்திலேயே பதிவாகியிருந்தது பிறகு தெரியவந்தது. கருவிகள் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. முதலாவதில் உரிய கேள்வியை யாரும் அதுவரை கேட்கவில்லை. இரண்டாவதில் அதைக் கேட்கும் கணக்குமுறை அப்போது வந்திருக்கவில்லை. ஆகவே ஒரு வானக் கணக்கெடுப்பு எவ்வளவு சேர்த்தது என்பதைவிட, சேர்த்ததிடம் எப்படியெல்லாம் கேட்க வழி விட்டிருக்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

இதை முதலிலேயே உணர்ந்து கட்டப்பட்டது ஸ்லோன் டிஜிட்டல் வானக் கணக்கெடுப்பு. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 2000-ல் பணி தொடங்கியது. அதன் தரவுத்தளத்தை வானியலாளர் அலெக்ஸ் சாலேயும் மைக்ரோசாஃப்டின் ஜிம் கிரேயும் சேர்ந்து உருவாக்கினார்கள். அட்டவணைகளை வகுப்பதற்கு முன் கிரே கேட்டது ஒரு பட்டியல்: இந்தத் தரவிடம் நீங்கள் கேட்க விரும்பும் முக்கியமான 20 கேள்விகள் எவை? அந்த இருபதுக்கும் விடை தரும்படி அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாக வந்துவிடும் என்பது அவர் கணக்கு. இடத்தை வைத்துத் தேடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வான ஆயங்களில் 359.99 பாகையும் 0.01 பாகையும் எண்ணளவில் இரு கோடிகள், வானத்திலோ அடுத்தடுத்த இடங்கள். அதனால் வானக்கோளத்தை 8 முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்காக, பிறகு மீண்டும் நான்காக என்று 20 முறை பிரித்தார்கள். கடைசி முக்கோணத்தின் பக்கம் ஏறத்தாழ ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். முக்கோணத்தின் எண் நம் பின்கோடு மாதிரி: முன்னிலக்கங்கள் பெரிய வட்டாரத்தையும் பின்னிலக்கங்கள் சின்ன இடத்தையும் சொல்லிவிடும். கோடிக்கணக்கான பொருள்களுக்கும் கோணத் தொலைவைக் கணக்கிட வேண்டிய வேலை மிச்சம்.

இருபதில் மிகச் சுவையானது சிறுகோள்களைத் தேடும் கேள்வி. ஸ்லோன் கேமரா படம் பிடித்தபோது, வானம் அதன் உணரிகளின் குறுக்கே நகர்ந்து சென்றது. ஆர், ஐ, யூ, இசட், ஜி என்ற ஐந்து வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தது. ஒவ்வொன்றிலும் 54 விநாடி. முதலுக்கும் கடைசிக்கும் இடையே சுமார் ஐந்து நிமிடம். அதற்குள் விண்மீன் இடம் மாறாது, சிறுகோள் சற்றே மாறிவிடும். வண்ணப் படத்தில் அது சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அந்த நகர்வை இரு திசைவேகங்களாக மென்பொருள் இரு பத்திகளில் எழுதிவைத்திருக்கிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, இன்ன வரம்புக்குள் வருபவற்றைக் கொடு என்று எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள வினவல் மொழியில் நாலைந்து வரி எழுதினால் போதும், சிறுகோள் பட்டியல் வந்துவிடும். வண்ண அளவுக்காக வைத்த வடிகட்டி வரிசை, யாரும் தனியாகக் காசு செலவழிக்காத வேகமானியாகவும் ஆகிவிட்டது! ஆனால் அளக்க முடியாத இடங்களில் இந்தத் தரவுத்தளம் மைனஸ் 9999 என்று எழுதிவைக்கும். அதை நிஜ அளவென்று எடுத்துச் சராசரி போடுபவர்கள் இருக்கிறார்கள். தரக் குறிகளைப் படிக்காமல் எண்ணை மட்டும் அள்ளுவது சோம்பல். வேகமான கணினி அந்தச் சோம்பலை மறைத்துவிடுகிறது.

கேட்டதற்கு மட்டுமே விடை வரும் என்றால் எதிர்பாராதது எப்படிக் கிடைக்கும் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். படத்தை அட்டவணையாகச் சுருக்கும்போதே, மென்பொருளுக்குப் பெயர் தெரியாதவை நழுவிவிடுகின்றன. 2007-ல் ஹானி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, பொதுமக்கள் பங்கேற்ற கேலக்சி சூ திட்டத்துக்காக ஸ்லோன் படங்களை வகைப்படுத்துகையில், ஐ.சி. 2497 என்ற விண்மீன் மண்டலத்தருகே இருந்த விநோத ஒளிர்மேகத்தைக் கவனித்தார். அதைத் தேடச் சொல்லி யாரும் வினவல் எழுதியிருக்க முடியாது. ஆனால் இது வினவலுக்கு எதிரான சாட்சி ஆகாது. படங்களைத் தூக்கிப் போடாமல் பட்டியலோடு சேர்த்துக் காக்க வேண்டும் என்பதற்கான சாட்சி. தொலைநோக்கி கட்டக் கிடைக்கும் பணம் இந்தக் காப்பு வேலைக்கும் கிடைக்க வேண்டும். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் 3200 மெகாபிக்சல் கேமரா, இரவுக்குச் சுமார் 20 டெராபைட் தரவு தரும். அதை யார் வீட்டுக்கு இறக்கிக்கொள்வது? தரவு இருக்கும் இடத்துக்குக் கேள்விதான் போயாக வேண்டும்.

ஸ்லோனின் ஸ்கைசர்வர் தளம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, கட்டணம் இல்லை. வினவல் எழுதிப் பழகுபவர்கள், முதல் முயற்சியில் 'டாப் 10' என்ற வரம்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அது பல கோடி வரிசைகளைத் துழாவப் போய், நேரம் முடிந்து பாதியில் நின்றுவிடும்.