முகமில்லாத மேஸ்திரி

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து அல்சூருக்குப் பிழைக்க வருவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்த காலந்தொட்டு நம் மக்கள் படையோடும் கட்டட வேலையோடும் வந்து குடியேறினர். அவர்களுடைய சந்ததியார் பின்னி மில்லுக்கும், 1940-இல் தொடங்கப்பட்ட விமானத் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் சென்றனர். அங்கிருந்த மேஸ்திரி கடுமையானவராக இருந்திருக்கலாம். ஆயினும் அவருக்கு ஒரு முகம் இருந்தது. "ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று அரை நாள் போதும்" என்று அவரிடம் சொல்ல முடிந்தது.

இன்று அதே தெருக்களிலிருந்து உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து இந்திராநகருக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் விரைகிற வாலிபருக்கு மேஸ்திரி செல்போனுக்குள் இருக்கிறார். எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு நேரத்தில், என்ன தொகைக்கு, இன்சென்டிவ் உண்டா இல்லையா என்பவற்றைக் கணினி நிரலே தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் இடும் நட்சத்திரங்களும், மறுத்த ஆர்டர்களும், தாமதங்களும் அதன் கணக்கில் ஏறுகின்றன. கணக்குக் குறைந்தால் ஐ.டி. முடங்கிவிடும்; அன்று வீட்டில் வருமானமில்லை. லிப்ட் ஓடாததால் ஆறு மாடி ஏறிய தாமதத்தை யாரிடம் விளக்குவது?

செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறித்துவிடுமோ என்பதே இப்போது எல்லாருடைய கேள்வியும். அந்த அச்சம் வீணானதன்று. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமல்ல என்றும் கூறியது. ஆனால் வேலையைப் பறிக்காமலே வேலைக்காரனை ஆளுகிற இயந்திரத்தைக் குறித்து நம் வீடுகளில் பேச்சே இல்லை. இத்தகைய வேலையில் 2020-21-இல் இந்தியாவில் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் 2022-இல் கணக்கிட்டது. நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை, "பங்குதாரர்" என்கின்றன. லாபத்தில் பங்கில்லாத பங்குதாரர்!

இவர்களுக்காக 2023-இல் ராஜஸ்தான் முதல் சட்டத்தை இயற்றியது. கர்நாடகம் 2024-இல் வரைவு வெளியிட்டபோது நாஸ்காம் உள்ளிட்ட தொழில் அமைப்புகள் ஆட்சேபித்தன. நிரல் எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற பிரிவும் அவர்களுக்கு உறுத்தலாயிருந்தது. எனினும் 2025 மே மாதம் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது.

இச்சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கவில்லை. அது பெருங்குறையே. ஆனால் எழுத்து மூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றித் தொழிலாளியை நீக்கலாகாது என்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் அவருக்குச் சேரும் தொகையில் 1 முதல் 5 சதவீதத்துக்குச் சமமான நலக் கட்டணத்தை நிறுவனம் செலுத்த வேண்டும். தொழிலாளர் பெயர்களை நல வாரியத்திடம் ஒப்படைப்பதும் நிறுவனத்தின் கடமை.

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகனுடைய பெயர் வாரியத்தில் பதிவாகியுள்ளதா என்று விசாரியுங்கள். ஐ.டி. முடங்கினால் கோபத்தில் செல்போனை அணைத்துவிடாமல், திரையில் தோன்றும் செய்தியைத் தேதியோடு படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று பலர் தயங்குகிறார்கள். நிரலைப் பற்றிய தகவலை எளிய நடையில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள, தொழிலாளி அறிந்த வேறு மொழியிலோ தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அந்த அட்டவணையில் தமிழும் இருக்கிறது.