இலையில் இல்லாத கோடு

இணைப்போக்கு நரம்பமைப்பைக் காட்ட, போடிமெட்டுச் சரிவில் எடுத்த ஏல இலைப் படத்தை அச்சிட்டு சார்ட்டில் ஒட்டினேன். மாணவி ஒருத்தி இலையைச் சுற்றி இன்னொரு கோட்டையும் வரைந்திருந்தாள். இலையில் ஏது அந்தக் கோடு? ஜிம்ப் மென்பொருளில் நான் அளவுமீறிக் கூர்மையாக்கியதால் வந்த வெள்ளை விளிம்பு அது. அவள் பார்த்ததைத்தான் வரைந்தாள்.

கூர்மையாக்கம் புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை. விளிம்பின் வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளுப்பாக்கி, இருண்ட பக்கத்தை மேலும் கருப்பாக்குகிறது. கை அசைந்து எடுத்த படத்தை அது மீட்காது.

படத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்த பிறகே கூர்மையாக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால், 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலத்துக்குத்தான் வரும். திரைக்கு, 100 விழுக்காடு அளவில் வைத்துப் பார்த்து, வெள்ளை விளிம்பு தோன்றுமுன் நிறுத்தலாம். தாளில் மை பரவுவதால் அச்சுக்குச் சற்றுக் கூடுதல் தேவை. எவ்வளவு என்பது தாளைப் பொறுத்தது. நரம்புகள் உள்ள சிறு பகுதியை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.