கொல்லிமலையில் ஒரு கடைமுனை

ஜவ்வரிசிப் பாயசம் கிளறும்போது, இந்த முத்து முத்தான ஜவ்வரிசி எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? சேலத்திலிருந்து என்பீர்கள். சரிதான். ஆனால் அதற்கான கிழங்கில் ஒரு பங்கு கொல்லிமலையிலிருந்து லாரியில் இறங்கி வந்திருக்கலாம். அந்த லாரி மலைமேல் செய்த மாறுதல்கள் கொஞ்சநஞ்சமல்ல. வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அடிவாரத்தில் காரவல்லி. அங்கிருந்து பஸ் முக்கி முனகி ஏற ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70! எண்ணிக்கொண்டே போகலாம் என்று உற்சாகமாக ஆரம்பிப்பவர்கள், முப்பதாவது வளைவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கிவிடுவார்கள். மேலே போனதும் சோளக்காடு, சந்தைக்குப் பெயர் போன ஊர். அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு என்று ஆசை காட்டும். அதையும் தாண்டினால் செம்மேடு. பஸ் நிலையம், அருகே வல்வில் ஓரியின் சிலை. நாம் இறங்க வேண்டிய முனை இதுதான்.

சுற்றிப் பாருங்கள். டீக்கடை, சாப்பாட்டு ஹோட்டல், மளிகைக் கடை, தங்கும் விடுதி. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்கள் வாங்கிப் போகத் தேனும் மிளகும். ஆடிப் பதினெட்டில் ஓரி விழாக் கூட்டம் வேறு. நம் ஊர்க் கடைத்தெரு போலத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

மலைமேல் மோட்டார் ஏறாத காலம் ஒன்று இருந்தது. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியார் புது மனைவியுடன் இந்த மலைக்கு வந்தபோது, அந்த அம்மாளை டோலியில் தூக்கித்தான் மேலே கொண்டு சேர்த்தார்கள். (மறு வருஷம் பிறந்த அவர்களுடைய பிள்ளைதான், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு.) அந்த நாளில் உப்பும் துணியும் கீழேயிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். மற்றபடி சாப்பாட்டுக்குக் கடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் சரிவு நிலத்தில் விளையும். பள்ளத்து வயலில் கொஞ்சம் நெல். வீட்டுத் தொம்பையில் தானியத்தைக் கொட்டி மூடிவிட்டால் வருஷச் சாப்பாடு பத்திரம்.

பாதை வந்தது, பஸ் வந்தது, பின்னாலேயே லாரியும் வந்தது. எதை ஏற்ற? மரவள்ளிக் கிழங்கை!

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் 1943-ல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் மாவைக் குருணையாக உருட்டி, வறுத்துக் காய வைப்பதுதான் வேலை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டுமே! மரவள்ளியைத் தோண்டினால் இரண்டு மூன்று நாளுக்குள் கெட ஆரம்பித்துவிடும். பாதையும் லாரியும் இல்லாத மலையில் அதை ஆலைக்காகப் பயிரிட்டு லாபமில்லை. லாரி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. கையில் மொத்தமாகக் காசு புரண்டது. காசு புரண்டால் முனையில் கடைகள் முளைக்கக் கேட்பானேன்?

பிறகு ரேஷன் அரிசி. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 முதல் இலவசம். தொம்பைகள் காலியாயின.

“ஐயோ, நல்ல தானியத்தை விட்டுவிட்டார்களே!” என்று நாம் பட்டணத்தில் உட்கார்ந்து அங்கலாய்க்கிறோம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சாமையை நீங்கள் உரலில் குத்தியதுண்டா? கடுகைவிடச் சற்றுப் பெரிய மணி. உமியோ இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். காலையில் காட்டு வேலைக்குப் போக வேண்டிய பெண்தான் இத்தனையும் செய்தாக வேண்டும். உமி நீக்கிய அரிசி கடையிலேயே கிடைக்கிறது என்றால், அவள் உலக்கையைச் சாத்தி வைத்ததில் என்ன குற்றம்? எவ்வளவு சத்தென்று எடுத்துச் சொல்ல வந்தவர்கள், உலக்கை பிடித்த கையைக் கேட்டிருந்தால் விஷயம் அப்போதே புரிந்திருக்கும்.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய வேலை செய்தது. விதைகளைக் காப்பாற்றியதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களில் கொண்டுவந்து வைத்தார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் தானியத்தை அரைத்து, மாவும் ரவையுமாகப் பொட்டலம் கட்டி விற்கக் கற்றார்கள். உரல் செய்த வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது பட்டணத்தார் விழித்துக்கொண்டு சாமைக்கு அலைந்தார்கள். கொல்லிமலைப் பெண்கள் அதற்கு வெகு முன்பே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக மரவள்ளி போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். காசு தரும் பயிரை யார் கைவிடுவார்கள்? ஆனால் கிழங்கின் விலையைக் கீழே ஆலைகள் இருக்கும் இடத்தில் நிர்ணயிக்கிறார்கள். விலை சரிந்தால் மரவள்ளியைக் கொட்டி வைக்கத் தொம்பையில்லை. பத்துக் குழி சாமை போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வருஷம் அடுப்பாவது எரியும்.

நீங்கள் போனால் சாமை வாங்கி வாருங்கள். மலிவாயிருக்கிறதே என்று நாலைந்து கிலோ கட்டிக்கொள்ளாதீர்கள். உமி போன சாமை வெகுநாள் தாங்காது, சிக்கடித்துப்போகும். ஒரு ஆழாக்குக்கு இரண்டரை ஆழாக்குத் தண்ணீர் விட்டு வேக வையுங்கள். தயிர் சாதத்துக்கு இன்னும் கொஞ்சம் குழைய விடலாம். இருட்டுவதற்கு முன் பஸ் பிடித்துவிடுங்கள். இறங்கும்போதும் அதே 70 வளைவுகள்தான். எலுமிச்சம்பழம் பத்திரம்!